நடந்து போகும் தூரம்

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் கடிதம் வந்து பத்து நாளாகிறது. பெருநகரத் திட்டத்துக்காக வரைந்த வண்ணப் படம் ஒன்றைக் கல்லூரியில் பார்த்ததாக எழுதியிருக்கிறீர்கள். அகலமான நடைபாதை, இருபுறமும் மரம், சைக்கிளில் போகும் இளைஞர்கள், ஏரிக்கரையில் பூங்கா. “எல்லாம் அழகாகத்தான் இருந்தது. ஆனால் எங்கள் தெருவில் இருக்கிற ஒருவர்கூட அந்தப் படத்தில் இல்லை. அம்மா விடிகாலை நாலு மணிக்கு எழுந்து, இரண்டு பஸ் மாறி வேலைக்குப் போகிறார். அவரை அந்தப் படத்தில் எங்கே வைப்பது?” என்று கேட்டிருக்கிறீர்கள்.

தனிக் கடிதமாகப் பதில் எழுதத்தான் உட்கார்ந்தேன். எழுத எழுத, உங்கள் தெருவோடு முடிகிற கேள்வி இல்லை இது என்று தோன்றியது. அதனால் எல்லோரும் படிக்கும்படி இங்கேயே எழுதுகிறேன்.

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு திட்டம் வாழத் தகுந்த நகரமாகுமா என்று பார்க்க எனக்குத் தெரிந்த அளவுகோல் தூரம். வீட்டிலிருந்து வேலைக்கு எவ்வளவு தூரம்? குழாய்க்கு, பள்ளிக்கூடத்துக்கு, ஆஸ்பத்திரிக்கு, கழிப்பறைக்கு எவ்வளவு தூரம்? எந்த நகரத்திலும் தூரம் இருக்கும். அதை யார் தலையில் கட்டுகிறோம் என்பதில்தான் நகரத்தின் நியாயம் இருக்கிறது. படத்தில் நிறம் தெரியும், தூரம் தெரியாது. உங்களுக்கு வந்த வருத்தம் அதனால்தான்.

நான் வளர்ந்தது வில்லிவாக்கத்தில். அப்பா அம்பத்தூர் தொழிற்பேட்டையில் லேத் ஓட்டியவர். எண்பதுகளின் தொடக்கத்தில் எங்களுக்கு ஒரு மனை ஒதுக்கீடாயிற்று. ஏறத்தாழ ஒரு சென்ட். அதில் வீடு கிடையாது. ஒரு கழிப்பறை, தண்ணீர் இணைப்பு, சாக்கடை இணைப்பு, அவ்வளவுதான். அம்மா முதல் நாள் போய்ப் பார்த்துவிட்டு அந்த வெட்டவெளியில் நின்று அழுதார். அப்பா கழிப்பறையை ஒட்டிக் கீற்றுக் கொட்டகை போட்டார். மூன்றாம் வருடம் செங்கல் சுவர் வந்தது. ஒரு தீபாவளி போனஸில் ஆஸ்பெஸ்டாஸ் கூரை. அக்கா கல்யாணத்துக்கு முன்னால் கான்கிரீட் தளம். நான் வேலைக்குப் போன பிறகு மாடி எழுப்பி ஒரு போர்ஷனை வாடகைக்கு விட்டோம். தவணை முடிந்து கிரயப் பத்திரம் கையில் வந்த அன்று, அப்பா அதை சாமி படத்துக்கு முன்னால் வைத்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பின் மாடி வாடகைதான் அவருக்குப் பென்ஷன்.

அந்த மனைக்குப் பின்னால் ஒரு திட்டம் இருந்தது என்பதைப் பெரியவளான பிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டேன். 1977இல் உலக வங்கிக் கடனோடு தொடங்கிய சென்னை நகர்ப்புற வளர்ச்சித் திட்டம் அது. அரும்பாக்கம், வில்லிவாக்கம், கொடுங்கையூர், பின்னால் முகப்பேர் என்று பல இடங்களில் ஆயிரக்கணக்கான மனைகளைப் பிரித்தார்கள். அரசு நிலத்தைச் சமப்படுத்தித் தெருப் போட்டு, குடிநீரும் சாக்கடையும் தெருவிளக்கும் தரும். வீட்டைக் குடும்பம் தன் வரும்படிக்கு ஏற்றபடி கட்டிக்கொள்ளும். பெரும்பாலான மனைகள் ஏழைக் குடும்பங்களுக்கு. ஆனால் அதே லேஅவுட்டில் நடுத்தரக் குடும்பங்களுக்கும் வசதி உள்ளவர்களுக்கும் மனை உண்டு, கடைக்கும் சிறுதொழிலுக்கும் இடம் உண்டு. பெரிய மனைகளையும் கடை மனைகளையும் கூடுதல் விலைக்கு விற்று, அந்தப் பணத்தில் சிறிய மனைகளின் விலையைக் குறைத்தார்கள்.

இந்தக் கணக்கின் அருமை தெருவில் இருந்தவர்களுக்குத் தெரியும். எங்கள் தெரு போய்ச் சேரும் பெரிய சாலையில் ஒரு பள்ளி ஆசிரியை வீடு இருந்தது. அவர் வீட்டுத் திண்ணையில்தான் நான் ஆங்கிலம் படித்தேன். அம்மா தைத்த ரவிக்கைகளுக்கு வாடிக்கையாளர்கள் இரண்டு தெரு தள்ளி இருந்தார்கள். அப்பா ஸ்டேஷனுக்கு நடந்து போய், கொரட்டூர் தாண்டி பட்டரவாக்கத்தில் இறங்கினால் தொழிற்பேட்டை. காலை ஷிஃப்டுக்கு அவர் புறப்படும்போது எங்களுக்கு விடிந்திருக்கும். ஒரு தொழிலாளி தன் பிள்ளைகளின் முகத்தைப் பார்த்துவிட்டு வேலைக்குப் போக முடிந்தது. எந்தத் திட்ட அறிக்கையிலும் இதற்கென்று ஒரு கட்டம் இருக்காது. ஆனால் நகரம் என்பதற்கு எனக்கு இதுதான் அர்த்தம்.

அந்தக் காலத்தில் பலர் இந்தத் திட்டத்தைத் தோல்வி என்றே முடிவுகட்டினார்கள். மனைகள் காலியாகக் கிடக்கின்றன, வீடுகள் நத்தை வேகத்தில் எழும்புகின்றன, ஊருக்கு வெளியே இருக்கிறது என்றார்கள். உலக வங்கியும் தொண்ணூறுகளில் இந்த முறையைக் கைவிட்டது. பல ஆண்டுகள் கழித்து அதே வங்கியின் ஆய்வாளர்கள் சென்னையிலும் மும்பையிலும் இந்த இடங்களுக்குத் திரும்பிப் போய்ப் பார்த்தார்கள். 2018இல் அவர்கள் வெளியிட்ட ஆய்வு, பல வருமான நிலையினரும் கலந்து வாழும் நல்ல குடியிருப்புகளாக அவை வளர்ந்திருப்பதைச் சொன்னது. வீடு மெதுவாக வளர்ந்ததைத் தோல்வி என்று எண்ணியிருந்தார்கள். அந்த மெதுவான வளர்ச்சியில்தான் குடும்பங்கள் கடனில் மூழ்காமல் கரையேறின.

குறையையும் சொல்ல வேண்டும். மனை பெற்றவர்களில் பலர் விற்றுவிட்டுப் போய்விட்டார்கள். இன்று அந்த ஒரு சென்ட்டை ஒரு லேத் தொழிலாளியால் வாங்க முடியாது. ஒரு தலைமுறைக்குக் கிடைத்தது அடுத்த தலைமுறைக்குக் கிடைக்கவில்லை. ஆனால் அது திட்டத்தின் பிழை என்று நான் நினைக்கவில்லை. ரயிலை ஒட்டி, வேலையை ஒட்டி, பத்து ஆண்டுக்கு ஒருமுறை அப்படிப் புதிய மனைகளைப் பிரித்திருக்க வேண்டும். நாம் நிறுத்திவிட்டோம்.

நிறுத்திவிட்டு எந்தப் பக்கம் போனோம்?

குடிசை மாற்று வாரியம் 1970இல் தொடங்கியபோது, குடிசை இருந்த இடத்திலேயே அல்லது பக்கத்திலேயே அடுக்குமாடி கட்டுவதுதான் வழக்கமாக இருந்தது. கடலோரத்தில் மீனவர்களுக்குக் கட்டிய வீடுகளைப் பாருங்கள். கட்டடங்கள் பழுதாகியிருக்கலாம், ஆனால் வலையும் படகும் கண்ணுக்கு எட்டும் தூரத்தில் இருந்தன. 2000க்குப் பிறகு காற்று திசை மாறியது. நகருக்குள் நிலம் விலை ஏறிவிட்டது என்று சொல்லி, தெற்கு எல்லையில் கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் என்று பெரும் குடியிருப்புகள் எழுந்தன. மூன்றையும் சேர்த்தால் 40,000க்கும் மேற்பட்ட வீடுகள். வாரியத்தின் பெயர் 2021இல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று மாறியது. வாழ்விடம் நல்ல சொல். வாழ்கிற இடம் மட்டுமா அது, வாழ்வுக்கு வழி இருக்கிற இடமும்தானே?

எங்கள் தெருமுனையில் பூக்கட்டி விற்ற அக்கா ஒருவர் இருந்தார். கால்வாய் ஓரக் குடிசை. விடிகாலையில் கோயம்பேடு போய் உதிரிப்பூ வாங்கி வந்து, கட்டி, ஏழு மணிக்குள் வீடு வீடாகக் கொடுத்துவிடுவார். ஒருநாள் கால்வாய் ஓரத்தைக் காலி செய்தார்கள். ஊருக்கு வெகுதூரத்தில் ஒரு குடியிருப்பில், ஆறாவது மாடியில் அக்காவுக்கு வீடு கிடைத்தது. முதல் வாரம் போன் செய்து, “குளிக்கிற ரூமுக்குக் கதவு இருக்கு கண்ணு. உள்ளே தாழ்ப்பாள் போட்டுக் குளிக்கிறேன்” என்றார். அந்தக் கதவை நான் சிறிதாக எண்ணவில்லை. மறைவில்லாமல் குளித்துப் பாதி ஆயுளைக் கழித்த பெண்ணுக்கு அந்தத் தாழ்ப்பாள் என்ன என்று உங்களுக்குத் தெரியும்.

மூன்றாம் மாதம் அவர் குரல் மாறியது. கோயம்பேட்டுக்குப் போகிற நேரத்தில் பஸ் கிடையாது. ஆட்டோவுக்குக் கொடுத்தால் பூவில் கிடைக்கிற லாபம் போய்விடும். புதிய இடத்தில் எல்லோருமே வேலை இழந்து வந்தவர்கள், யார் தினமும் பூ வாங்குவார்கள்? மாதக் கணக்கு வைத்து வாங்கியவர்கள் அத்தனை பேரும் பழைய தெருக்களில். பள்ளி ஆண்டின் நடுவில் இடம் மாறியதால் மகள் பத்தாம் வகுப்பை முடிக்கவில்லை. லிஃப்ட் நின்றுபோன நாட்களில் அவருடைய மாமியார் கீழே இறங்குவதையே விட்டுவிட்டார். கடைசியில் அக்கா அந்த வீட்டைப் பூட்டிவிட்டு, பழைய இடத்துக்குப் பக்கத்தில் காற்றில்லாத ஓர் அறையை வாடகைக்கு எடுத்தார். கதவு அங்கே இருந்தது, பிழைப்பு இங்கே இருந்தது. இரண்டுக்கும் நடுவில் இருந்த தூரத்தை அவர் தன் மூட்டுவலியோடு சுமந்தார்.

இது சட்டத்துக்குத் தெரியாத விஷயமும் இல்லை. மும்பை நடைபாதைவாசிகளின் வழக்கில் 1985இல் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு, பிழைப்புக்கான உரிமை உயிர் வாழும் உரிமையின் பகுதி என்று சொன்னது. மனிதர்கள் ஏன் நடைபாதையில் படுக்கிறார்கள் என்று கேட்டால், வேலை அங்கே பக்கத்தில் இருக்கிறது என்பதுதான் பதில். தீர்ப்பு அகற்றுவதை முழுவதும் தடுக்கவில்லை. ஆனால் குடியிருப்பையும் பிழைப்பையும் பிரிக்க முடியாது என்பதை நாட்டின் உயர்ந்த நீதிமன்றம் புரிந்துகொண்டு 40 ஆண்டாகிவிட்டது. நம் வரைபடங்கள் இன்னும் அதைப் புரிந்துகொள்ளவில்லை.

தூரத்தோடு தண்ணீரையும் சேர்த்துப் பாருங்கள். 2015 வெள்ளத்துக்குப் பிறகு, அடையாறு, கூவம் கரைகளில் இருந்த குடும்பங்களைப் பாதுகாப்புக்காக என்று சொல்லி இடம் மாற்றினார்கள். அவர்களில் பலர் போய்ச் சேர்ந்த பெரும்பாக்கம், பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தை ஒட்டிய தாழ்வான பகுதி. அங்கேயும் மழைக்குத் தண்ணீர் நிற்கிறது. அந்தச் சதுப்பு நிலத்தில் மிஞ்சியதில் சுமார் 1,247 ஹெக்டேர் 2022இல் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. அதன் பழைய பரப்பில் பெரும்பகுதி இன்று சாலையாகவும் கட்டடமாகவும் இருக்கிறது. ஏரியைத் தூர்த்துத் தியாகராய நகரை எழுப்பிய நூறாண்டுப் பழக்கம் இது. தண்ணீரின் வழியில் பணக்காரர்களும் கட்டுகிறார்கள் என்பது உண்மைதான். ஆனால் வெள்ளம் வடிந்த பிறகு மெத்தையை வெயிலில் காயவைக்க மாடி இருப்பவருக்கும், ரேஷன் கார்டைத் தேடிக்கொண்டிருப்பவருக்கும் அது ஒரே வெள்ளம் இல்லை.

இப்படி எழுதினால், “அப்படியானால் திட்டமே வேண்டாமா?” என்று கேட்பீர்கள். வேண்டும். திட்டமில்லாத ஊரில் வலுத்தவன் மட்டுமே வீடு கட்டுவான். எப்படித் திட்டமிடுவது என்பதற்கு நம் மண்ணிலேயே ஒரு பழைய பாடம் இருக்கிறது.

அந்தப் பாடம் ஒரு போரில் தொடங்குகிறது. எம்டன் என்ற ஜெர்மன் போர்க்கப்பல் 1914 செப்டம்பரில் சென்னை மீது குண்டு வீசியது உங்களுக்குத் தெரியும். அடுத்த மாதம் அதே கப்பல் ஒரு சரக்குக் கப்பலை மூழ்கடித்தது. பேட்ரிக் கெடிஸ் என்ற ஸ்காட்லாந்துக்காரர் இந்தியாவுக்கு அனுப்பிய நகரமைப்புக் கண்காட்சியின் படங்களும் வரைபடங்களும் அதில் இருந்தன. அவர் மனம் தளராமல் நண்பர்களிடம் புதிய படங்களைச் சேகரித்து, 1915 தொடக்கத்தில் சென்னையில் கண்காட்சியை நடத்தினார். பிறகு சென்னை மாகாணத்தின் ஊர்களைச் சுற்றினார். தஞ்சாவூரில் நெருக்கமான ஒரு பகுதிக்கு நடுவே நேர்ச்சாலை போட வீடுகளை இடிக்கும் யோசனை இருந்தது. கெடிஸ் அந்தச் சந்துகளில் நடந்தார். இடிந்து கிடந்த சில வீடுகளை மட்டும் எடுத்து, முடுக்குகளைச் சற்றே திறந்து, மரம் நட்டு, சிறு வெளிகளை உண்டாக்கினால் போதும், செலவு பல மடங்கு குறையும் என்று காட்டினார். நோயுற்ற பகுதியை மட்டும் தொட்டு உடலைக் காக்கும் சிகிச்சை போன்றது அவர் வழி. முதலில் நடந்து பார்ப்பது, பிறகு வரைவது. நூற்றுப் பத்து ஆண்டுகளுக்குப் பிறகும் இதைவிடச் சிறந்த முறை எனக்குத் தெரியாது.

அப்படி நடந்து பார்த்தவர்களின் கேள்வியிலிருந்து வந்த நல்ல மாற்றங்கள் நம்மிடம் இருக்கின்றன. 2021 மே மாதம் முதல் சாதாரணக் கட்டண டவுன் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. பயணம் செய்யும் பெண்களுக்குச் சராசரியாக மாதம் 888 ரூபாய் மிச்சமாவதாக மாநிலத் திட்டக் குழுவின் ஆய்வு சொன்னது. ஒரு மேம்பாலத்தின் விலையோடு இதை வைத்துப் பாருங்கள். மேம்பாலத்தில் உங்கள் அம்மா போகும் பஸ் ஏறுகிறதா? இந்த 888 ரூபாய் நேராக அடுப்படிக்குப் போகிறது. மாற்றுத்திறனாளிகள் ஆண்டுக்கணக்காக நீதிமன்றப் படி ஏறிய பிறகு, 2024இல் சென்னை மாநகரப் போக்குவரத்தில் புதிய தாழ்தளப் பேருந்துகள் வந்தன. படியை இறக்கியதும், சக்கர நாற்காலிக்காரரோடு முழங்கால் தேய்ந்த பாட்டியும் குழந்தையை இடுப்பில் வைத்த தாயும் சுலபமாக ஏறுகிறார்கள். ஒருவருக்காகக் குறைத்த உயரம் எல்லோருக்கும் குறைகிறது.

சில வாக்குறுதிகள் பாதியில் நிற்கின்றன. நடப்பவர்களுக்கும் சைக்கிளில் போகிறவர்களுக்கும் முன்னுரிமை என்று 2014இல் சென்னை மாநகராட்சி ஒரு கொள்கையை ஏற்றது. பாண்டி பஜாரில் 2019இல் அகன்ற நடைபாதை வளாகம் திறந்தது. வியாசர்பாடியில், கொடுங்கையூரில் நடக்கிறவருக்கு அந்த அகலம் எப்போது? தெருவோர வியாபாரிகள் சட்டமும் 2014இல் வந்ததுதான். நகர விற்பனைக் குழுவில் 40 சதவீதம் வியாபாரிகளே இருக்க வேண்டும், அவர்களில் மூன்றில் ஒருவர் பெண்ணாக இருக்க வேண்டும் என்று அது சொல்கிறது. பூக்கார அக்காவுக்கு அப்படி ஒரு நாற்காலி இருப்பதை யாரும் அவரிடம் சொல்லவே இல்லை.

இப்போது சென்னைக்கு மூன்றாவது முழுமைத் திட்டம் தயாராகிவருகிறது, 2026 முதல் 2046 வரைக்கும். பெருநகரப் பகுதி 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 ஆக 2022இல் விரிந்தது. ஏறக்குறைய ஐந்து மடங்கு. என் கவலை இங்கேதான். எல்லை ஐந்து மடங்கு விரியும்போது, ஏழையைத் தள்ளிவைக்கக் கிடைக்கும் தூரமும் விரிகிறது. இந்தக் கோட்டுக்குள் எங்கே தள்ளினாலும் ‘சென்னைக்குள்ளேயே வீடு கொடுத்தோம்’ என்று சொல்லிவிடலாம். 2011 கணக்கெடுப்பின்படி மாநகராட்சிப் பகுதியில் நூற்றில் 28 பேருக்கு மேல் குடிசைப் பகுதிகளில் இருந்தார்கள். அவர்களுக்கு இடம் ஒதுக்காத வரைபடம் நகரத்தின் முக்கால் பங்குக்கு மட்டுமே வரைந்த வரைபடம்.

ஆகவே உங்களிடம் ஒரு வேலை கேட்கிறேன். ஒரு நாள் அம்மாவோடு நாலு மணிக்கு எழுந்திருங்கள். வீட்டு வாசலிலிருந்து பஸ் ஸ்டாப் வரை எத்தனை அடி என்று எண்ணுங்கள். எந்த விளக்கு எரியவில்லை, எந்த இடத்தில் நாய்க்குப் பயந்து சாலைக்கு இறங்குகிறார், பஸ்ஸுக்கு எத்தனை நிமிடம் நிற்கிறார், வழியில் ஒரு பெண் போகக்கூடிய கழிப்பறை இருக்கிறதா என்று குறித்துக்கொள்ளுங்கள். பக்கத்து வீட்டுக்காரர்களையும் குறிக்கச் சொல்லுங்கள். பத்து வீட்டுக் குறிப்பு சேர்ந்தால் அது ஓர் ஆய்வு. கெடிஸ் செய்ததும் இதுதான்.

அதை எங்கே கொண்டுபோவது என்றும் சொல்கிறேன். மாநகராட்சிப் பகுதிகளில் வார்டு குழுவும் பகுதி சபையும் அமைக்க 2022இல் விதிகள் வந்தன. உங்கள் பகுதி மாநகராட்சிக்குள் இருந்தால், பகுதி சபை எப்போது கூடுகிறது என்று கவுன்சிலரைக் கேளுங்கள், கேட்டுக்கொண்டே இருங்கள். முழுமைத் திட்டத்தின் வரைவு வெளியாகும்போது ஆட்சேபமும் ஆலோசனையும் எழுத்தில் கொடுக்கச் சட்டம் இடம் தருகிறது. அந்தக் கெடுவுக்குள் உங்கள் குறிப்பு போய்ச் சேர வேண்டும். மூன்று கேள்விகள் போதும். புதிய வீட்டுத் திட்டங்களில் ரயில் நிலையத்திலிருந்தும் மெட்ரோவிலிருந்தும் நடந்து போகும் தூரத்தில் ஏழைகளுக்கு எத்தனை மனை, எத்தனை வீடு? ஒரு குடும்பத்தை இடம் மாற்றினால் அதன் பழைய வேலைக்கும் புதிய வீட்டுக்கும் இடையே அதிகபட்சம் எத்தனை கிலோமீட்டர்? மாற்றிய நாளன்று அங்கே பள்ளியும் ரேஷன் கடையும் விடிகாலைப் பஸ்ஸும் தயாரா? மூன்றுக்கும் எண்ணில் பதில் வேண்டும்.

என் அப்பாவுக்கு முழுமைத் திட்டம் என்ற சொல் தெரியாது. ஆனால் யாரோ ஒரு அதிகாரி, எந்த ஆண்டோ, ஒரு வரைபடத்தில் வில்லிவாக்கம் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் சிறு சிறு கட்டங்கள் வரைந்தார். அதில் ஒன்று எங்களுக்குக் கிடைத்தது. நான் இன்று உங்களுக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருப்பது அந்தக் கட்டத்திலிருந்துதான்.

அம்மாவை அந்தப் படத்தில் எங்கே வைப்பது என்று கேட்டிருந்தீர்கள். நாலே முக்கால் மணிக்கு, எரிகிற விளக்கின் கீழ், நிழற்குடையில் உட்கார்ந்து, வரப்போகும் முதல் பஸ்ஸைப் பார்த்துக்கொண்டிருக்கிற பெண்ணாக வையுங்கள். அங்கிருந்து வரையத் தொடங்கச் சொல்லுங்கள். மரமும் பூங்காவும் பிறகு தானாக இடம் தேடிக்கொள்ளும்.

எண்ணிய அடிகளை எனக்கும் எழுதுங்கள்.

அன்புடன்,
வில்லிவாக்கத்திலிருந்து உங்கள் எழுத்தாளர்